கொட்டாஞ்சேனைக்குப் பன்னிரண்டு எழுத்து

2018 நவம்பரில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் மரண உதவிச் சங்கத்தில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு சாவு. முதல் சாவுக்கு அனுப்பிய எஸ்எம்எஸ் 210 வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது சாவுக்கு அனுப்பியது 40 வீட்டுக்குத்தான் போனது. மீதி 170 வீட்டுக்காரர்களுக்கு விஷயமே தெரியாது. அடுத்த நாள் மாதம்பிட்டி மயானத்தில் ஆட்கள் குறைவாக நின்றதைப் பார்த்தபோதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வார நாள், வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன்.

அன்று இரவே போன் வரத் தொடங்கியது. "என்ன தம்பி, நாங்க சந்தா கட்டல்லையா? எங்க வீட்டுக்கு மட்டும் சொல்லாம விட்டுட்டீங்களே." இப்படி ஒருவர் இல்லை, பதினைந்து பேருக்கு மேல். எல்லோருமே தங்கள் வீட்டை மட்டும்தான் விட்டுவிட்டதாக நினைத்திருந்தார்கள். செயலாளர் நான். அந்த வாரம் முழுக்க மன்னிப்புக் கேட்டே தொண்டை கட்டிப்போனது.

சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, புளூமெண்டால் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து, எங்கள் அப்பா காலத்தில் ஆரம்பித்தது. மாதச் சந்தா கட்டினால், வீட்டில் ஒரு மரணம் நடக்கும்போது சங்கம் கூடாரம், கதிரை, கொஞ்சம் காசு என்று பார்த்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், சங்கத்து வீடுகளிலிருந்து ஆளுக்கொருவராவது வந்து நிற்க வேண்டும். முன்பெல்லாம் கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துருவில் அடித்த துண்டை பக்கத்துக் கொமியூனிகேஷன் கடையில் நூற்றுக்கணக்கில் போட்டோகொப்பி எடுத்து, ஒரு பையன் சைக்கிளில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவான். ஆனால் வாடகை ஏற ஏறப் பாதிப் பேர் மட்டக்குளி, வத்தளை, ஹெந்தளை என்று தள்ளிப் போய்விட்டார்கள். சைக்கிள் எட்டவில்லை.

வட்ஸ்அப் குழு போதாதா என்று இளம் பொடியன்கள் கேட்டார்கள். கணக்கெடுத்துப் பார்த்தேன். 210 வீட்டில் 60க்கும் மேற்பட்ட வீடுகளில் எங்களுக்குத் தந்திருந்த நம்பர் பொத்தான் போன்தான். பெரியவர்கள். சாவு வீட்டுக்குக் கட்டாயம் வருகிறவர்களும் அவர்கள்தான். அதனால் எஸ்எம்எஸ் என்று முடிவானது.

முதலில் என் சொந்தப் போனிலிருந்தே அனுப்பிப் பார்த்தேன். மாதப் பெக்கேஜில் "இலவச எஸ்எம்எஸ்" என்று ஒரு பெரிய எண் போட்டிருந்தார்கள். அது அதே நெட்வொர்க்குக்கு மட்டும் என்பது, பில் வந்த பிறகு கீழே பொடி எழுத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. என்னுடையது 077. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் 071, 072, 075, 078 என்று சிதறிக் கிடந்தார்கள். அதோடு, கொஞ்சம் அனுப்பியதும் "இந்தச் செயலி நிறைய மெசேஜ் அனுப்புகிறது, அனுமதிக்கலாமா" என்று போன் என்னையே சந்தேகப்பட்டது. நீங்கள் சங்கம், டியூஷன் வகுப்பு, கோயில் என்று எதற்காவது மொத்தமாக அனுப்பப் போகிறீர்கள் என்றால் சொந்தப் பெக்கேஜை நம்பாதீர்கள். அது ஆளுக்கு ஆள் பேசுவதற்காகப் போட்ட கணக்கு.

பிறகுதான் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பித் தரும் ஒரு இடத்தில் கணக்குத் திறந்தோம். நம்பருக்குப் பதிலாகச் சங்கத்தின் பெயர் தெரியும்படி ஒரு மாஸ்க். ஆயிரம் எஸ்எம்எஸ் முன்கூட்டியே வாங்கி வைத்தோம். வரியோடு ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூட. பொருளாளர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார்: "210 வீடு. நாலு சாவுக்குத் தாராளமா வரும்." அவரை அறியாமலே அப்படிச் சொல்லிவிட்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பழகிப் பார்ப்பதற்காக, அந்த ஆயிரத்தில் சேராமல், நிர்வாகக் குழுவுக்கு மட்டும் ஒன்று அனுப்பினேன். பழைய அறிவித்தல் கம்ப்யூட்டரில் இருந்தது, அதையே எடுத்து ஒட்டினேன். ஐந்து நிமிடத்தில் உபதலைவர் கோல் எடுத்தார். "தம்பி, போன்ல வைரஸ் ஏதும் பூந்திருச்சா?" பாமினி என்பது வெறும் உடைதான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. "மரண" என்ற சொல் பாமினியில் கே, யூ, இசட். போனில் அந்த உடை இல்லாததால் எல்லோருக்கும் கே, யூ, இசட் என்றே போய் விழுந்திருக்கிறது. நல்லவேளை, அது ஒத்திகை. தமிழ் எழுத்தாகவே பதிவாகும் யுனிகோடில் மறுபடி அடித்தேன். அழகாகப் போனது. அதோடு பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன்.

உண்மையில் அங்கேதான் ஆரம்பித்தது. நவம்பரில் முதல் சாவுக்கு அனுப்பியதும் கணக்கில் 840 கழிந்திருந்தது. 210 அனுப்பினால் 840 எப்படிக் கழியும்? நான் அதைப் பார்க்கவேயில்லை என்பதுதான் வெட்கக்கேடு. மீதி இருந்தது 160. அடுத்த சாவுக்கு அந்த 160ஐ வைத்து, உறுப்பினர் எண் வரிசையில் முதல் 40 பேருக்கு அனுப்பிவிட்டு, இயந்திரம் பேசாமல் படுத்துவிட்டது. பழைய உறுப்பினர்களுக்குக் கிடைத்தது, புதியவர்களுக்குக் கிடைக்கவில்லை. "பழைய ஆட்களுக்குத்தான் மரியாதை" என்று வேறு கதை கிளம்பியது.

சண்டை பிடிக்கிற மாதிரித்தான் அந்த எஸ்எம்எஸ் அலுவலகத்துக்குக் கோல் எடுத்தேன். போனை எடுத்த பிள்ளை பொறுமையாகச் சொன்னாள்: "சேர், உங்கட மெசேஜ் ஒவ்வொண்டும் நாலு பார்ட். நாலாத்தான் கழியும்."

அன்றிலிருந்து நான் எழுத்து எண்ணுகிறவன் ஆகிவிட்டேன்.

ஒரு எஸ்எம்எஸ் என்பது 140 பைட். அவ்வளவுதான், கூடாது. பைட்டுக்கு 8 பிட், ஆக பிட்டில் சொன்னால் 1,120. ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு எழுத்துக்கு 7 பிட் போதும், அதனால் 160 எழுத்து பிடிக்கும். தமிழில் எழுதினால் யுனிகோடு. ஒவ்வொன்றுக்கும் 16 பிட். 1,120ஐ 16ஆல் வகுத்தால் 70. மெசேஜ் அதைத் தாண்டினால் துண்டு துண்டாக வெட்டி அனுப்புவார்கள். வாங்குகிற போன் அவற்றைத் திரும்ப ஒட்டுவதற்கு ஒவ்வொரு துண்டிலும் ஒரு குறிப்பு வைக்க வேண்டும், அதுவும் இடம் பிடிக்கும். ஆகவே நீண்ட மெசேஜில் ஆங்கிலத்துக்குத் துண்டுக்கு 153, தமிழுக்கு 67. வாங்குகிறவருக்கு ஒரே மெசேஜாகத் தெரியும். காசு மட்டும் துண்டுக்குத் துண்டு. எங்கள் அறிவித்தல் 228. நான்கு துண்டு.

70 என்றால் 70 எழுத்து என்று நினைத்துவிடாதீர்கள். நாம் "கு" என்பதை ஒரு எழுத்தாகப் படிக்கிறோம். போனுக்கு அது இரண்டு: ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று. புள்ளி வைத்த மெய்யும் இரண்டு. உயிரும் வெறும் அகர உயிர்மெய்யும் மட்டும்தான் ஒன்று. "கொட்டாஞ்சேனை" கண்ணுக்கு ஆறு எழுத்து. போன் எண்ணும்போது பன்னிரண்டு. எங்கள் ஊர்ப் பெயரில் சிக்கனமான எழுத்து ஒன்றுகூட இல்லை. "ஸ்ரீ" நான்கு. "நாளை காலை 9 மணிக்கு இறுதிச் சடங்கு" என்பது, இடைவெளியோடு சேர்த்துக் கண்ணுக்கு 22, போனுக்கு 34. ஒரு துண்டில் பாதி அதிலேயே முடிந்துவிடுகிறது.

அந்த நாலு துண்டை எடுத்து மேசையில் வைத்து எண்ணிப் பார்த்தபோது பெரிய தின்னி எது என்று தெரிந்தது. "ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்துக்கொள்கிறோம்." 43. அதில் கடைசிச் சொல் மட்டும் 22. 210 வீட்டுக்கும் நாங்கள் காசு கட்டி அனுப்பிய அனுதாபம், உண்மையில் அந்த 210 வீட்டுக்கும் உரியது இல்லை, ஒரு வீட்டுக்குத்தான். அதை நேரில் போய்ச் சொல்வோம்தானே. எடுத்துவிட்டேன். "அன்னாரின் பூதவுடல்" போனது. "என்பதை மிகுந்த மனவருத்தத்துடன் அறியத்தருகிறோம்" போனது.

வெட்ட ஆரம்பித்தால் கை நிற்காது. எனக்கும் அதே வியாதி பிடித்தது. ஒரே துண்டில் அடக்கிக் காட்டுகிறேன் என்று இறங்கி, கடைசியில் இப்படி ஒன்று செய்தேன்: "மரணம்: எண் 47 வீடு. நாளை 3 மணி, மாதம்பிட்டி. விவரம் செயலாளர்." எண்ணினால் 61. ஒன்பது மிச்சம்! பெருமையோடு குழுக் கூட்டத்தில் வாசித்தேன். புறக்கோட்டையில் நாற்பது வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஏன் தம்பி, செத்தவருக்குப் பேர் இல்லையா?" என்றார். "நான் 12ஆம் நம்பர். நாளைக்கு நான் போனா 12ஆம் நம்பர் வீடுன்னு அனுப்புவீங்களா? பஸ் டிக்கெட் மாதிரி இருக்கு."

யாரும் பேசவில்லை. எனக்கும் பதில் இல்லை. அவர் கணக்குப்பிள்ளை, காசின் அருமை எங்கள் எல்லோரையும்விடத் தெரிந்தவர். அவரே சொல்லும்போது என்ன சொல்ல?

கடைசியில் இரண்டு துண்டு என்று முடிவு செய்தோம். அதாவது 134க்குள் நிற்க வேண்டும். முழுப் பெயர், வீதி, எப்போது, எங்கே, கேட்பதற்கு ஒரு நம்பர். இவை கட்டாயம். இவற்றுக்குப் பிறகு இடம் மிஞ்சினால் "காலமானார்" என்று மரியாதையாக எழுதலாம், மிஞ்சாவிட்டால் "மரணம்". ஒரு தடவைக்கு 840 போன இடத்தில் இப்போது 420.

இதை ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்து அனுப்பினால் ஒரே துண்டில் முடிந்துவிடும் என்று பொடியன்கள் சொன்னார்கள். கணக்கு சரிதான். வீட்டில் ஆளுக்கு ஆள் அப்படித்தான் அனுப்பிக்கொள்கிறோம். ஆனால் பொத்தான் போன் வைத்திருக்கும் எழுபது வயது அம்மாவுக்கு "மரணம்" என்பதை ஆங்கில எழுத்தில் அனுப்பினால், அவர் பேரப்பிள்ளை வரும் வரை காத்திருந்துதான் வாசிப்பார். அதற்குள் அடக்கம் முடிந்திருக்கும். இந்த இடத்தில் மட்டும் நான் காசைப் பார்ப்பதில்லை. சிங்களத்துக்கும் இதே 70தான் என்பதால் இது எங்களுக்கு மட்டும் வந்த ஓரவஞ்சனை என்றும் சொல்ல முடியாது. கைபேசிகளுக்கான ஜிஎஸ்எம் தரத்தில் ஹிந்தி, தெலுங்கு மாதிரித் தமிழுக்கும் தனி எழுத்து அட்டவணை சேர்த்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தினால் இந்த எழுபதுச் சிறை இல்லை. ஆனால் என் கைக்கு வந்த எந்தப் போனிலும் அது வேலை செய்து நான் பார்த்ததில்லை.

ஆங்கிலத்தில் எழுதினாலும் ஒரு பொறி உண்டு. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு 150 எழுத்தில், ஆங்கிலத்தில், ஒரே துண்டாக ஒன்று தயாரித்திருந்தோம். உபசெயலாளர் பாசத்தில் கடைசியில் ஒரு கைகூப்பும் படத்தைச் சேர்த்துவிட்டார். அந்தப் படம் ஆங்கில எழுத்து அட்டவணையில் இல்லை. ஒரு படத்துக்காக மெசேஜ் முழுவதும் யுனிகோடுக்கு மாறி மூன்று துண்டாகிவிட்டது. ஒரு கும்பிடுக்கு 420 எஸ்எம்எஸ் கூடுதல். வேர்டிலிருந்து எடுத்து ஒட்டும்போது வருகிற வளைந்த மேற்கோள் குறியும் இதே வேலையைச் செய்யும், அது கண்ணுக்கும் தெரியாது. போனில் மெசேஜ் அடிக்கும்போது ஓரத்தில் எண்ணிக்கை காட்டும் வசதி பலவற்றில் இருக்கிறது. அந்த எண் திடீரென்று பாதிக்கும் கீழே விழுந்தால் ஏதோ ஒன்று நுழைந்துவிட்டது என்று அர்த்தம்.

இத்தனையும் கற்ற பிறகுதான் வீட்டிலேயே நடந்த ஒன்று விளங்கியது. அம்மாவுக்கு மாதம் இரண்டு தடவை நூறு ரூபாய் ரீலோட் போடுவேன். சந்தி மூலையில் நானா கடையில்தான். ஒருமுறை நானாவே கேட்டார், "தம்பி, உம்மா யாரோட இவ்வளவு பேசுறாங்க? பெலன்ஸ் நிக்குதே இல்ல." அம்மா பேசுவது குறைவு. அட்டனில் இருக்கும் பெரியம்மாவுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவார், தமிழில், கடிதம் மாதிரி. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, வீட்டுச் சமையல் வரை. எண்ணிப் பார்த்தேன், சில மெசேஜ் ஏழு துண்டு. ஒரு நிமிடம் கோல் எடுத்திருந்தால் அதைவிடக் குறைவாக முடிந்திருக்கும். அம்மாவிடம் சொன்னேன். "பேசினா உங்க பெரியம்மா அழுவா. எழுதினா அழமாட்டா" என்றார். சரி, அந்தச் செலவு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அது பாதிக் கதை. மீதிக் காசைத் தின்றது தினமும் காலையில் வந்த ராசிபலன். அம்மா கேட்டு வாங்கியது இல்லை. திரையில் ஏதோ ஒன்று திடீரென்று வந்து நிற்க, அதைப் போக வைப்பதற்காக அவர் "ஓகே" அழுத்தியிருக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய்ச் சொச்சம். மாதத்துக்கு 60க்கு மேல். இருநூறில் மூன்றில் ஒன்று கன்னி ராசிக்குப் போயிருக்கிறது. அம்மா மகர ராசி என்பது வேறு.

இதற்கு நான் செய்ததைச் சொல்கிறேன், உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனிலும் செய்து பாருங்கள். வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து, "இந்த நம்பரில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளை எல்லாம் வாசித்துக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். ஏன் காசு குறைகிறது என்று கேட்டால் பொதுவாக ஒரு பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். பட்டியல் கேட்டபோது எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அம்மாவின் நம்பரில் ராசிபலன் தவிர இன்னும் இரண்டு இருந்தன. மூன்றையும் நிறுத்தச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தையும் நேரத்தையும் கலண்டரில் எழுதி வைத்தேன். பதில் சரியாக வராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதும்போது அந்த இலக்கம்தான் கையில் இருக்கும் ஆயுதம். எனக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை. வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸுக்கும் காசு எடுக்கிறார்களா என்று ஒருமுறை கணக்குக் கூற்றைப் பாருங்கள், சும்மா கிடக்கும் கணக்குக்கு அது தேவையில்லை.

இவ்வளவு சிறிய சாமானுக்கு ஏன் இந்த விலை என்று ஒரு நாள் ஆத்திரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 140 பைட் ஒரு ரூபாய் என்றால், ஒரு எம்பி அனுப்புவதற்கு 7,490 எஸ்எம்எஸ் வேண்டும். அதாவது 7,490 ரூபாய். வட்ஸ்அப்பில் ஒரு பூப்படம் சில நேரம் அதற்குப் பக்கத்தில் வரும். இத்தனைக்கும் எஸ்எம்எஸ், கோல் எடுத்துவிடுவதற்காக நெட்வொர்க் தனக்குள் வைத்திருக்கும் சமிக்ஞைப் பாதையில்தான் ஓசைப்படாமல் ஏறிப் போகிறது. இந்தக் கேள்வியை நான் மட்டும் கேட்கவில்லை. அமெரிக்காவில் ஒரு எஸ்எம்எஸ் 2005இல் 10 சதம், 2008இல் 20 சதம் என்று இரட்டிப்பானபோது, ஹெர்ப் கோல் என்ற செனட்டர் நான்கு பெரிய நிறுவனங்களுக்கும் ஏன் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார். அங்கே வாங்குகிறவரிடமும் காசு எடுத்தார்கள். இங்கே அந்தக் கொடுமை இல்லை. அந்த முறையில் எங்கள் சங்கம் இருந்திருந்தால் சாவுச் செய்தி வாங்குவதற்கும் உறுப்பினர்கள் காசு கட்டியிருப்பார்கள்.

அப்படியென்றால் எஸ்எம்எஸ்ஸை விட்டுவிடலாமே என்று 2019 தொடக்கத்தில் ஒரு கூட்டத்தில் பேச்சு எழுந்தது. எல்லோரிடமும் மெல்ல மெல்ல ஸ்மார்ட் போன் வந்துகொண்டிருந்தது. நானும் கிட்டத்தட்ட இசைந்துவிட்டேன். பிறகு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு நாள் வந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்கள் உறுப்பினர்கள் பலருக்கு நடந்து போகும் தூரம். அன்றைய காலையைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். எழுதுவதற்கு உரிய இடம் இது இல்லை. அன்றே வட்ஸ்அப், பேஸ்புக், வைபர் எல்லாம் முடக்கப்பட்டு, அந்த மாதக் கடைசி வரை அப்படியே கிடந்தன என்பதை மட்டும் சொல்கிறேன். யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடுவதற்கு எங்களிடம் மிஞ்சியது அந்த 210 நம்பரும் எஸ்எம்எஸ்ஸும்தான். "நலமா? பதில் அனுப்புங்கள்" என்று அனுப்பினோம். மாஸ்க் போட்டு அனுப்பினால் திரும்பப் பதில் அனுப்ப முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது தடவை என் நம்பரையும் சேர்த்து அனுப்பினேன். இரவு முழுக்கப் பதில் வந்தது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மறுபடி சமூக ஊடகங்களை நிறுத்தியபோது யாரும் என்னிடம் வட்ஸ்அப் பற்றிப் பேசவில்லை.

அந்த வருடம் செப்டம்பரில் கைபேசிக் கட்டணங்கள் 20 வீதம் ஏறின. 2024 ஜனவரியில் வட் வரி 18 வீதம் ஆனது. இப்போதெல்லாம் யாராவது எஸ்எம்எஸ் விலை சொன்னால் நான் கேட்பது இரண்டே கேள்வி: வரியோடா, வரி இல்லாமலா? வாங்கியது எத்தனை நாளைக்குள் காலாவதியாகும்? இரண்டாவது கேள்வி முக்கியம். விலை குறைவு என்று ஒரு முறை ஐயாயிரம் வாங்கினோம். அந்த வருடம் ஆண்டவன் புண்ணியத்தில் சாவு குறைவு. பாதிக்கு மேல் காலாவதியாகிப் போனது. பொருளாளர் அதற்கு வருத்தப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் நின்றார்.

இப்போது ஆயிரம் ஆயிரமாகத்தான் வாங்குகிறோம். ஒவ்வொரு தடவை அனுப்பிய பிறகும் மீதியைப் பார்த்துச் சங்கக் கொப்பியில் எழுதிவிடுகிறேன். 420க்குக் கீழே இறங்கினால் சிவப்புப் பேனா. நேற்று இரவு பார்த்தபோது 396. ஆளுக்கு இரண்டு துண்டு என்றால் 198 வீடு. பன்னிரண்டு வீடு விடுபடும். இன்றைக்கு எங்கள் ஆட்களில் யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்று கும்பிட்டுக்கொண்டு, வேலைக்குப் போகும் வழியில் முதல் வேலையாகக் காசு கட்டிவிட வேண்டும்.